இன்னா சோறு?

சுபஸ்ரீ இன்னும் ஒரு குரல் செய்தியைக்கூடக் கேட்கவில்லை. ஆனால் பதினேழும் கேட்கப்பட்டிருந்தன.

வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்திக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைக் படம் இருக்கும் அல்லவா, கேட்காதவரை அது பச்சை, கேட்டுவிட்டால் நீலம். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தபோது எல்லாம் பச்சையாகத்தான் இருந்தன. போனைச் சார்ஜில் போட்டுக் கதவைத் தாழிட்டு அரை மணி நேரம் கண்ணயர்ந்தாள். எழுந்து பார்த்தால் மேலிருந்து கீழ்வரை நீலம். வீட்டில் வேறு யாரும் இல்லை. நைனா திருவேங்கடம் இரண்டு மணிக்கே தோணியை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டார். அம்மா கோவிந்தம்மா கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தூக்கக் கலக்கத்தில் கை பட்டிருக்கும் என்று நினைத்தாள். பதினேழு தடவையா கை படும் என்று உடனே இன்னொரு நினைப்பும் வந்தது. இந்த மாதிரி விஷயத்தில் அவளை லேசில் ஏமாற்ற முடியாது. 'உஷாரு' பாட்காஸ்ட்டை நடத்துகிறவளே அவள்தான்.

பாட்காஸ்ட் என்றதும் பெரிய ஸ்டூடியோவை நினைத்துக்கொள்ள வேண்டாம். தோணிரேவு கிராமத்தில் அவர்கள் வீட்டு உள்ளறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம். வெளிச்சத்தம் உள்ளே வராதிருக்க இரண்டு பழைய மெத்தைகளையும் கிழிந்த நைலான் வலைகளையும் சுற்றிலும் தொங்கவிட்டிருந்தாள். உப்பும் காய்ந்த இறால் தோலும் கலந்த வாடை அடிக்கும், பத்து நிமிடத்தில் ஜாக்கெட் நனைந்துவிடும். அங்கே உட்கார்ந்து வாரம் ஒருமுறை பேசுவாள். பழவேற்காட்டில் இருக்கும் மலீஹா, கூடப் படித்தவள், அதை லேப்டாப்பில் வெட்டி ஒட்டிக் கொடுப்பாள். ஓடிபி கேட்டால் சொல்லாதே. போலீஸ் வேஷம் போட்டு வீடியோ காலில் மிரட்டினால் நடுங்காதே. பெற்ற பிள்ளையின் குரலிலேயே அழுதாலும் போனை நம்பாதே. மீன் ஏலக் கொட்டகை ஸ்பீக்கரில் அதைப் போடுவார்கள். இறால் பிரிக்கும் பெண்கள் கையை நிறுத்தாமல் கேட்பார்கள்.

தம்பி அஜித்குமாருக்காகத்தான் இதை ஆரம்பித்தாள். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜென்ட் ஒருவன் கூட்டிக்கொண்டு போனான். போன இடம் ஆபீஸ் இல்லை, காவல் போட்ட கட்டிடம். உள்ளே அடைத்து வைத்து, போனில் ஊரை ஏமாற்றச் சொல்லி அடித்திருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை எப்படியோ கூப்பிட்டான். "அக்கா, இப்போ இன்னான்னா எங்களை நாள் பூரா பேச வெச்சிப் பதிவு பண்றாங்க. அழு, சிரி, அம்மான்னு கூப்புடுன்றாங்க. எதுக்குன்னு தெரியலக்கா." அவ்வளவுதான், வைத்துவிட்டான். அதற்கப்புறம் பதினோரு மாதமாகத் தகவல் இல்லை. பொன்னேரிக்கும் சென்னைக்கும் மனு எடுத்துக்கொண்டு நடந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம். கோவிந்தம்மா மட்டும் தினமும் காலையில் கரையில் போய் நிற்பாள், ஏதோ தம்பி தோணியில் வரப்போகிறவன் மாதிரி. அவளையாவது முழுசாகக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் சுபஸ்ரீக்கு இப்போது கவலை.

போன வாரப் பேச்சில்தான் அந்தச் 'சோறு' விஷயத்தை எடுத்தாள். ஏரியில் பனி மூடினால் தோணிரேவில் ஒரு வழக்கம் உண்டு. பனிக்குள்ளிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கரையில் நிற்கும் பெண்பிள்ளை பதில் கொடுக்க மாட்டாள். "இன்னா சோறு?" என்று கேட்பாள். கல்யாணமான புதிதில் முதன்முதலாகத் தோணிக்குக் கட்டிக் கொடுத்த சோறு என்ன என்று அவன் சொல்ல வேண்டும். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் மட்டும் தெரிந்தது அது. கல்யாணமாகாதவனுக்கு அவன் அம்மா முதலில் கட்டிக் கொடுத்த சோறு. சரியாகச் சொன்னால்தான் அவள் தண்ணீரில் இறங்கி, அவன் வீசும் கயிற்றைப் பிடித்து இழுப்பாள். ஏன் கேட்கிறோம் என்று யாரும் காரணம் சொன்னதில்லை. கேட்கணும், அவ்வளவுதான்.

"பாஸ்வேர்டுன்றது நமக்குப் புதுசு இல்ல" என்று மைக்கில் பெருமையடித்தாள் சுபஸ்ரீ. "போன்லயும் அதையே கேளுங்க. இன்னா சோறுன்னு கேட்டா திருடன் முழிப்பான்." அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பேச்சு நன்றாக வந்த குஷியில் கடைசியாக ஒன்றைச் சேர்த்தாள். உங்கள் வீட்டுச் சோறு என்ன என்று எனக்குக் குரல் செய்தியில் அனுப்புங்கள், நல்ல கதையை அடுத்த வாரம் போடுகிறோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ரகசியத்தைக் காப்பாற்று என்று ஊருக்குச் சொன்னவளே, அந்த ரகசியத்தை என்னிடம் கொடு என்று கையேந்தினாள். அவளுக்கும் உறைக்கவில்லை, மலீஹாவுக்கும் உறைக்கவில்லை. இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததைச் சொல்ல ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷத்தில் பெண்களும் அனுப்பிவிட்டார்கள்.

முதல் செய்தியைத் தட்டினாள். பக்கத்து வீட்டு முனியம்மாள்.

"சுபா, நாந்தான். சிரிக்கக் கூடாது. கட்டின புதுசுல எனக்குச் சோறு வடிக்கவே வராது. கொழஞ்சி கஞ்சியாயிடுச்சி. அதுல உப்புன்னு நெனச்சிச் சர்க்கரையைக் கொட்டிட்டேன். அந்த மனுஷன் அதையும் தின்னுட்டு டப்பாவக் கழுவி எட்த்தாந்து வெச்சாரு. இத்தினி வருஷம் யாருகிட்டயும் சொன்னதில்ல, ஆமா."

சுபஸ்ரீ சிரித்துவிட்டாள். செய்தி அதோடு முடியவில்லை. தோணியின் அடியில் தண்ணீர் மோதுகிற சத்தம், சளக், சளக் என்று. முனியம்மாள் கரையில் நின்று பேசியிருப்பாள் என்று நினைத்தாள். அந்தச் சத்தத்துக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையைப் போல ஒரு குரல்.

"சர்… சர்க்… சர்க்கரை…"

ஆண் குரலா, பெண் குரலா, தெரியவில்லை. மறுபடி சொன்னது. "சர்க்கரைக் கஞ்சி." மூன்றாம் தடவை சொன்னபோது அது வெற்றிலை குதப்பிய, நாக்கு தடித்த குரல். முனியம்மாளின் புருஷன் பூபதி மாமாவின் குரல்.

அடுத்ததைத் தட்டினாள். அடுத்ததையும். ஒவ்வொரு பெண்ணும் வெட்கமும் சிரிப்புமாகப் பேசி முடித்ததும் அதே தண்ணீர், அதே மூச்சு, அதே பாடம். மூன்று தடவை. மூன்றாவதில் அந்த வீட்டு ஆண்பிள்ளையின் குரல் பிசகில்லாமல் வந்து நின்றது. மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவளுக்கு முதுகு சில்லிட்டது.

மலீஹாவுக்கு இரண்டு செய்திகளை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"ரெண்டு வாட்டி கேட்டேன் சுபா. முனிம்மா பேசறாங்க, முடிஞ்சிடுது. தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"கடைசியில ஒரு குரல் வர்ல?"

"சத்தியமா வர்லடி." மலீஹா மெல்லச் சொன்னாள். "அத வுடு. நீ கேக்காமயே நீலமாயிருக்குதுன்னா யாரோ உன் வாட்ஸ்அப்புக்குள்ள பூந்திருக்கான். வேற எங்கயாச்சும் லாகின் ஆயிருக்குதான்னு பாரு, பின் நம்பர மாத்து. அது போகட்டும், ரகசியத்தையெல்லாம் நமக்கு அனுப்பச் சொன்னமே, நமக்கு அறிவு இருக்குதா? இதையே வேற ஒருத்தன் செஞ்சிருந்தா நாம ரெண்டு எபிசோடு போட்டிருப்போம்."

பார்த்தாள். வேறு எந்தக் கருவியும் இணைந்திருக்கவில்லை. பின் நம்பரை மாற்றினாள். இரண்டு தடவை தப்பாக அடித்தாள்.

கடைசிச் செய்தி 'அம்மா' என்று சேமித்திருந்த எண்ணிலிருந்து வந்திருந்தது. அம்மா அனுப்பியதே அவளுக்குத் தெரியாது. கேட்கவும் மனசில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"சுபா கண்ணு, இது உங்க நைனாவோடது இல்ல, அது உனுக்கு எதுக்கு. தம்பியோடது சொல்றேன். அவன் தோணிக்குப் போனவனே இல்ல. நான் அவனுக்கு மொதமொதல்ல கட்டிக் குட்த்தது ஊருக்குப் போன அன்னிக்குத்தான். அவன் போறதுல எனக்கு இஷ்டமில்ல. கோவத்துல அடுப்பே மூட்டல. வெறும் டப்பாவ மூடி, மேல கர்ச்சீப்பு கட்டிக் கையில குட்த்தேன். ரயில்ல தொறந்து பாத்திருப்பான். ஏம்மான்னு ஒரு வார்த்த கேக்கல அவன். எப்பனா அவன் பேர்ல போன் வந்தா நீ கேளு. அவனுக்கு மட்டும்தான் தெரியும்."

சுபஸ்ரீ அழுதாள். அம்மா இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா இத்தனை நாளும் கரையில் நின்றாள். கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் தண்ணீர்ச் சத்தம் வந்துவிட்டது. சளக். சளக்.

"வெ… றும்… வெறும் ட…"

போனை அணைத்துவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் குழாயடிக்குப் போனாள். குடத்தோடு நின்ற பெண்களிடம் விஷயத்தைச் சொன்னாள். குரலைப் பற்றிச் சொல்லவில்லை. யாரோ என் போனைத் திறந்து கேட்டிருக்கிறான், உங்கள் சோறு வெளியே போய்விட்டது, இனி அதை நம்பாதீர்கள், வேறு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஊர் வாட்ஸ்அப் குரூப்பிலும் பேசிப் போட்டாள்.

"நீதானடி கேட்ட?" என்றாள் முனியம்மாள். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "மாத்துன்னா எப்பிடி மாத்தறது? கல்யாணத்த மாத்த முடியுமா?"

"ஆம்பளைங்கல்லாம் ஏரியில கீறாங்க" என்றாள் இன்னொருத்தி. "வந்தப்பால சொல்லிக்கலாம். போ, போய்ப் படு. மூஞ்சே சரியில்ல."

விடிகாலையில் சுபஸ்ரீயை எழுப்பியது சத்தம் அல்ல, சத்தம் இல்லாததுதான். காக்கை இல்லை. என்ஜின் இல்லை. அம்மா படுத்திருந்த பாய் சுருட்டி வைத்திருந்தது. கதவைத் திறந்தாள். வாசலில் நின்ற சைக்கிள் தெரியவில்லை, எதிர்வீடு தெரியவில்லை. மார்கழிப் பனி ஊரையே மூடியிருந்தது. சேற்று வாடையும் ஈர வலையின் கவிச்சியும் மூக்கில் அடைக்க, போனைக் கையில் எடுத்துக்கொண்டு, கால் தடம் பார்த்தே கரைக்கு நடந்தாள்.

பெண்கள் வழக்கம்போல நின்றிருந்தார்கள், ஆளுக்கு ஒரு கூடையோடு. பக்கத்தில் போகிறவரை யார் யார் என்று தெரியவில்லை. அம்மா கடைசியில் தனியாக நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள்.

"வூட்டுக்கு வாம்மா. பனி வுடட்டும்."

"தோணிங்க வந்திடுச்சிடி. கேளு."

கேட்டது. பனிக்குள் எங்கோ, ரொம்பத் தூரமும் இல்லாமல் கிட்டவும் இல்லாமல், தண்ணீர் பலகையில் மோதுகிற சத்தம். சளக். சளக். துடுப்புச் சத்தம் இல்லை.

சுபஸ்ரீ நைனாவைக் கூப்பிட்டாள். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தார். சுற்றிலும் ஆண்களின் பேச்சும் இருமலும் கேட்டன.

"இன்னாம்மா? நாங்க முகத்துவாரத்துல கெடக்கறோம். ஒரு மண்ணும் தெரியல. பூபதி, எல்லாரும் இங்கதான், தோணியச் சேத்துக் கட்டிக்கினோம். பனி வுட்டாதான் வருவோம். அம்மாகிட்ட சொல்லிடு."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"முனிம்மா."

பூபதி மாமாவின் குரல்.

"இன்னா சோறு?" என்று கேட்டாள் முனியம்மாள்.

"சர்க்கரைக் கஞ்சி."

முனியம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். பனியிலிருந்து ஈரக் கயிறு ஒன்று பறந்து வந்து தண்ணீரில் விழுந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் இறங்கினாள்.

"வேணாம், அத்த, இறங்காதீங்க" என்று கத்தினாள் சுபஸ்ரீ. "மாமா முகத்துவாரத்துல கீறாரு. எல்லாரும் அங்கதான் இருக்காங்க. நைனா போன்ல இருக்காரு, இதோ பேசுங்க."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோவிந்தம்மா போனை வாங்கிக் காதில் வைத்தாள். அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

"இன்னா சோறு?" என்றாள்.

அந்தப் பக்கம் நைனா தயங்குவது சுபஸ்ரீக்கே கேட்டது. பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

"இன்னாடி இது? இத்தினி ஆம்பளைங்க நடுவுல குந்திக்கினு அதச் சொல்லச் சொல்ற? வந்து சொல்றேன் வை."

கோவிந்தம்மா போனை மகளிடம் நீட்டினாள். முகத்தில் ஒரு பரிதாபம் இருந்தது.

"சொல்ல மாட்டேன்றான், பாத்தியா. நீதானே சொன்ன, போன்ல வர்ற குரல நம்பக் கூடாதுன்னு."

"அம்மா, அது நைனாம்மா. ரகசியத்தக் காப்பாத்தறாரும்மா."

யாரும் கேட்கவில்லை. பனி முழுக்கப் பெயர்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு பெண்ணைத் தேடி வந்தது. இன்னா சோறு, இன்னா சோறு என்று கரை நெடுகக் கேள்வி. பதில்கள் சரியாக வந்தன. புளிச்சோறு. கெளுத்தி மீன் குழம்பு. உப்புப் போட மறந்த சோறு. ஒன்றுகூடத் தப்பவில்லை. கயிறுகள் விழுந்தன. பெண்கள் இறங்கினார்கள். சிலர் சிரித்தபடி.

சுபஸ்ரீ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும்.

"அம்மா."

அவள் கூப்பிடவில்லை. பனிக்குள்ளிருந்து வந்தது. பதினோரு மாதமாகக் கேட்காத குரல். கொஞ்சம் கரகரப்பு. 'ம்மா'வில் ஓர் இழுப்பு. அஜித்குமார்.

கோவிந்தம்மாவின் உடம்பு ஆடியது. உதடு ஆடியது. ஆனாலும் கேட்டாள். அந்த நேரத்திலும் வழக்கத்தை விடவில்லை.

"இன்னா… இன்னா சோறு கண்ணு?"

சளக். சளக்.

"வெறும் டப்பாம்மா."

அதன் பிறகு அவளைப் பிடிக்க யாரால் முடியும். கையை உதறினாள். சுபஸ்ரீ சேற்றில் விழுந்தாள். எழுந்தாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு. அம்மாவின் முதுகு தெரிந்தது. அவள் கையில் கயிறு. கயிறு விறைப்பாக நின்றது. பக்கத்தில் இன்னொரு கயிறு. அதற்கப்பால் இன்னொன்று. எல்லாம் விறைப்பாக. பெண்கள் இழுத்தார்கள்.

பிறகு இழுக்கவில்லை.

கயிறுதான் இழுத்தது.

யாரும் அலறவில்லை. தண்ணீர் தெறிக்கவில்லை. ஒவ்வொரு முதுகாகப் பனிக்குள் போனது. அம்மாவின் கொண்டை. அம்மாவின் நீலப் புடவை. அப்புறம் பனி மட்டும்.

"அம்மா" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்த இடத்தில் ஏரி இடுப்புக்கு மேல் ஆழம் கிடையாது. சேற்றைக் கையால் துழாவினாள். சேறுதான் இருந்தது.

எட்டு மணிக்குப் பனி விலகியது. ஏரி அசையாமல் கிடந்தது, வெயிலில் கண் கூசியது. கரையில் பதினேழு கூடைகள். பதினேழு ஜோடிச் செருப்புகள், எல்லாம் தண்ணீரைப் பார்த்தபடி. சுபஸ்ரீ அம்மாவின் செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்துவாரத்துப் பக்கமிருந்து என்ஜின் சத்தம் வந்தது. தோணிகள் வரிசையாக வந்து கரைக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றன. நைனா தோணியின் முனையில், அணியத்தில், கயிற்றோடு எழுந்து நின்று, கைநிழலில் கரையைப் பார்த்தார்.

"கோவிந்தம்மா" என்று கூப்பிட்டார்.

"இன்னா சோறு?" என்று யாரும் கேட்கவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். பூபதி கூப்பிட்டார். ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சேறு அப்பிய போன் அவள் மடியில் அதிர்ந்தது. குரல் செய்தி. மறுபடி அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது. முனியம்மாளின் எண். அடுத்த வீட்டு எண். அதற்கடுத்தது. பதினேழு செய்திகள், பதினேழு பச்சை மைக்குகள்.

அவள் தொடவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள்.

முதல் மைக் நீலமானது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது. யாரோ பொறுமையாக, நேற்றுப் பாடம் படித்ததைப் போலவே, ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டுவிட்டு, அடுத்ததுக்குப் போனார்கள். தோணியில் நைனா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கேளுடி" என்றார். "யாராச்சும் கேளுங்க."

பதினாறும் நீலமாகிவிட்டன. கடைசியில் 'அம்மா' மட்டும் பச்சையாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுவும் நீலமானது.